எட்டுக் கதவுக்கு ஒரு சாவி: வடசென்னைத் தெரு ஒன்றின் பொதுக் கழிப்பிடமும் பகுதி சபையும்

காசிமேட்டில் மீன் எடுத்து வந்து விற்கிற அக்காமார்கள் எங்கள் தெருவில் பதினைந்து பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். ஏலம் சூடு பிடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமானால் விடியற்காலை மூன்றரைக்கே கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். தெருமுனைப் பொதுக் கழிப்பிடத்தின் இரும்புக் கதவு திறப்பது ஐந்தரைக்கு. ‘காலை 5.30 முதல் இரவு 9 வரை’ என்று சுவரில் நீலப் பெயின்டில் எழுதியிருந்தது. அதை எழுதியவருக்கு இந்தத் தெருவில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரத்தை அந்தப் பெண்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ராத்திரி ஏழு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சிலர் ரயில் பாதையோரம் போவார்கள், இரண்டிரண்டு பேராக, ஒருத்தி போக இன்னொருத்தி காவல் நிற்க. மற்றவர்கள் மீன் விற்று முடித்து வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டே இருப்பார்கள். நீர்க்கடுப்புக்கு மருந்து வாங்கி வராதவர்கள் அவர்களில் குறைவு.

அந்தக் கதவை மூன்று மணிக்குத் திறக்க வைக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. புதுக் கட்டடம் கேட்கவில்லை. பணமும் கேட்கவில்லை. ஒரு பூட்டின் சாவி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். அது ஏன் அத்தனை நாள் இழுத்தது, வந்த பிறகு என்ன மாறியது, எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது என்பதையெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதி வைக்க வேண்டும் என்று பட்டது. நான் அதே தெருவில் குடியிருப்பவள், மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுபவள். கீழே வருகிற தொகைகள் எங்கள் குழு நோட்டில் உள்ளவை. தெருவின் பெயரையும், ஆட்களின் பெயரையும், அலுவலகங்களின் பெயரையும் விட்டுவிட்டேன். நாளைக்கும் அதே படிகளில்தான் நாங்கள் ஏறி இறங்க வேண்டும். அதோடு, இதில் நான் பார்த்த கோளாறு ஆட்களுடையது அல்ல, ஏற்பாட்டினுடையது.

கட்டடமும் அதன் சொந்தக்காரர்களும்

பெண்கள் பக்கம் நாலு அறை, ஆண்கள் பக்கம் நாலு. நடுவில் ஒரு சின்ன அறை. மோட்டார் சுவிட்சு, பினாயில் கேன், துடைப்பம் எல்லாம் அங்கே. மேலே ஒரு சின்டெக்ஸ் டேங்க். வெளிக் கதவுக்கு ஒரே பூட்டு. சுற்றியுள்ள வீடுகள் எட்டுக்குப் பத்து அடி. அதற்குள்தான் அடுப்பு, கட்டில், பிள்ளைகள் படிக்கிற இடம். கழிப்பறை கட்ட இடமில்லாத அறுபது எழுபது குடும்பங்களுக்கு இந்த எட்டுக் கதவுதான்.

பெண்கள் பக்கத்தில் மூன்றாவது கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. யாரோ புடவைக் கரையைக் கிழித்துக் கதவின் ஓட்டையில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். உள்ளே போகிறவர் அதன் நுனியைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் துணி எத்தனை கை பட்டதோ, கறுத்து மெழுகுபோல் ஆகியிருந்தது. இரண்டு வருடம் அப்படியே கிடந்தது.

நாற்பது ரூபாய்த் தாழ்ப்பாள் அது. ஏன் யாரும் போடவில்லை என்று கேட்டால், கட்டடம் யாருடையது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கட்டியது ஒரு அலுவலகம். தண்ணீர் வருவது இன்னொன்றின் குழாயில். கரண்டு மூன்றாவது இடத்தில். பின்சுவரை ஒட்டிய நிலம் நாலாவது துறையின் பெயரில் இருக்கிறது. கழிவுநீர்க் குழாய் அந்த நிலத்தின் வழியாகத்தான் போகிறது. பெருக்கித் துடைக்கிற ஆளுக்குச் சம்பளம் கொடுப்பவர் ஒரு ஒப்பந்ததாரர். அந்த ஆளிடம் சொன்னால், “எனக்குக் கழுவத்தான்கா சொல்லியிருக்காங்க” என்பார். உண்மைதான், அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

சென்னையில் இப்படித் துண்டுபட்டதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1688இல் தொடங்கிய மாநகராட்சி இது. குடிநீரும் கழிவுநீரும் நெடுங்காலம் அதன் கையிலேயே இருந்தன. 1978இல் குடிநீர் வாரியம் தனிச் சட்டத்தின்படி பிறந்தபோது அவை அங்கே போயின. குடிசைப் பகுதிகளுக்கென்று 1970இலேயே தனி வாரியம் வந்துவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காகத்தான் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கவுன்சிலருக்கு ஓட்டுப் போடுகிற மக்கள் முதலில் கேட்பது தண்ணீரும் சாக்கடையும்தான். அவை இரண்டும் அவர் உத்தரவு போடக்கூடிய இடத்தில் இல்லை. அவரும் நம்மைப் போல் போன் போட்டுக் கேட்க வேண்டியவர்தான்.

சட்டம் எவ்வளவு தூரம் வந்தது

74ஆவது அரசியல் சாசனத் திருத்தம் 1992 டிசம்பரில் நிறைவேறி, 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்த 12ஆவது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய 18 வேலைகள் வரிசையாக இருக்கின்றன. 17ஆவதில் தெருவிளக்கு, பஸ் ஸ்டாப் ஆகியவற்றோடு பொதுக் கழிப்பிடமும் வருகிறது. நம் கக்கூஸ் அரசியல் சாசனத்தில் இருக்கிறது என்று குழுக் கூட்டத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. பிரிண்ட் எடுத்து வந்து காட்டினேன். மீன்காரக்கா ஒருவர் அந்தத் தாளை வாங்கி மடித்துத் தன் பர்சில் வைத்துக்கொண்டார். இன்றைக்கும் வைத்திருக்கிறார்.

ஆனால் அதே சாசனம் இந்த அதிகாரங்களை மாநில அரசு ‘வழங்கலாம்’ என்கிறது, ‘வழங்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில் முப்பது வருடம் போய்விட்டது. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்பது கட்டாயமாகவே எழுதப்பட்டிருக்கிறது. இருந்தும் வார்டு குழுவுக்கும் அதன் கீழ் பகுதி சபைக்கும் தமிழ்நாட்டில் விதிகள் வந்தது 2022இல்தான். அதற்கு முன் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல்வரை சென்னையில் கவுன்சிலரே இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. தெருவில் விளக்கு எரியவில்லையென்றால் சொல்வதற்கு ஓட்டுக் கேட்டு வந்த முகம் ஒன்று இல்லாமல் ஒரு மாநகரம் அத்தனை நாள் ஓடியது. அந்த நாட்களில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்கே போய்விட்டார்கள்.

புதிய விதிப்படி சென்னையின் 200 வார்டுகளில் ஒவ்வொன்றும் பத்துப் பகுதியாகப் பிரிகிறது. பகுதியில் உள்ள வாக்காளர்கள் எல்லாரும் சபை உறுப்பினர்கள். விரிவாக்கத்துக்குப் பிறகு 426 சதுர கிலோமீட்டர் ஆன மாநகராட்சிக்கு 2011 கணக்குப்படி சுமார் 67 லட்சம் மக்கள். கணக்குப் போட்டால் ஒரு பகுதிக்கு மூவாயிரத்து முந்நூறு பேர் வருகிறது. இது ஒரு கிராம ஊராட்சியின் அளவு. அதே மூவாயிரம் பேர் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருந்திருந்தால், 2025 ஜனவரியில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடியும்வரை அவர்களுக்கு ஒரு தலைவர் இருந்திருப்பார், துணைத் தலைவர் இருந்திருப்பார், இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கிற கணக்கு இருந்திருக்கும். வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் மோட்டார் காயில் எரிந்தால் தலைவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட முடிந்தது. நமக்குக் கிடைத்தது ஒரு கூட்டமும் ஒரு மினிட்ஸ் நோட்டும். கூட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அதுகூட இல்லாத நாட்களைப் பார்த்தவள் நான். ஆனால் வித்தியாசம் என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கூட்டங்கள்

எங்கள் பகுதி சபை முதலில் கூடியது 2023இல், பள்ளிக்கூட ஹாலில். மின்விசிறி இரண்டு, நாற்காலி முப்பது, வந்தவர்கள் அறுபது பேர். கொண்டுவந்த மனுக்களில் பாதிக்கு மேல் முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, பட்டா. இவற்றில் எதையும் அந்தச் சபை முடிவு செய்ய முடியாது. மேடையில் இருந்தவர்கள் பொறுமையாக வாங்கி அடுக்கினார்கள், பாவம் அவர்களாலும் வேறென்ன செய்ய முடியும். மனுக்கொடுத்த ஆயா ஒருவர் ரசீது கேட்டார். ரசீது கொடுக்கிற வழக்கம் இல்லை என்றார்கள். அவர் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கழிப்பிட நேரத்தைப் பற்றி அன்று பேசியது ஒரே ஒரு மீன்காரக்கா. ஆண்கள் நிறைந்த ஹாலில் எழுந்து நின்று, “நாங்க மூணரைக்குப் போறோம் சார், அது அஞ்சரைக்குத் தொறக்குது” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ‘பரிசீலிக்கப்படும்’ என்று நோட்டில் ஏறியது.

2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் கழிப்பிடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் எல்லாம் நாள் கணக்கில் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் தெருவில் வடிந்த பிறகும் அந்த இரும்புக் கதவு பூட்டியே கிடந்தது, சாவி வைத்திருந்தவர் மணலிப் பக்கத்தில் தன் வீட்டு வெள்ளத்தில் மாட்டியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியுமா? ஆறாம் நாள் எங்கள் தெருப் பையன்கள் கதவின் கொண்டியைக் கழற்றினார்கள். நாங்கள் பெண்கள் சேறு வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். அன்றைக்குத்தான் அந்தக் கட்டடத்தின் உள்ளறையை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம், மோட்டார் எங்கே இருக்கிறது, வால்வு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதெல்லாம். பத்து வருடமாகப் பயன்படுத்துகிற கட்டடம்.

அடுத்த சபைக்கு நாங்கள் தயாராகப் போனோம். பென்ஷனும் பட்டாவும் வேண்டாம், ஒரே விஷயம், ஒரே தீர்மானம் என்று முதல் நாளே வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தோம். அதிகாலை மூன்று மணிக்குத் திறக்க வேண்டும் என்ற தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசர் மட்டும் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். “எங்க அக்ரிமென்ட்டுல அஞ்சரைன்னு இருக்குக்கா. மூணு மணிக்கு ஆள் போட்டா அந்தச் சம்பளம் யார் தருவா?”

யாரிடமும் பதில் இல்லை. சபைக்குத் தீர்மானம் போட முடியும், ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் திருத்த முடியாது. அதைத் திருத்த வேண்டுமானால் கோப்பு பிரிவு அலுவலகத்திலிருந்து மண்டலத்துக்கும், அங்கிருந்து தலைமை அலுவலகத்துக்கும் போக வேண்டும். போனது. அடுத்த மூன்று மாதம் நாங்கள் வாரம் ஒருத்தியாகப் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

கடைசியில் கோப்பு வரவில்லை, வழி வந்தது. கவுன்சிலரம்மா வாய்மொழியாகச் சொன்னார்: மூன்றிலிருந்து ஐந்தரைவரை குழுவே திறந்து பார்த்துக்கொள்ளட்டும். வண்ணாரப்பேட்டை மார்க்கெட் ஓரம் சாவி போடுகிறவரிடம் அறுபது ரூபாய்க்கு ஒரு மாற்றுச் சாவி வாங்கினோம். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எங்கள் நோட்டில் அதற்காக ஏறிய மொத்தச் செலவு அந்த அறுபது ரூபாய்.

சாவி வந்த பிறகு

ஏழு பெண்கள், ஆளுக்கு ஒரு நாள். திறக்கிறவர் விளக்கைப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மீன்காரக்காக்கள் போனதும் ஆஸ்பத்திரிகளில் காலை ஷிப்ட் கூட்டுகிற பெண்கள் வருவார்கள். நாங்கள் எதிர்பார்க்காதது, பன்னிரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள். பரீட்சை நாட்களில் நாலு மணிக்கு எழுந்து படிக்கிறவர்கள் அதுவரை என்ன செய்தார்கள் என்று நாங்களும்கூடக் கேட்டதில்லை.

புடவைக் கரை முடிச்சு முதல் வாரத்திலேயே போய்விட்டது. யாரும் தீர்மானம் போடவில்லை. அன்றைக்கு முறையில் இருந்த அக்கா கதவை ஆட்டிப் பார்த்தார், மதியம் கடைக்குப் போய்த் தாழ்ப்பாள் வாங்கி வந்தார், தச்சுவேலை பார்க்கிற பையனைக் கூப்பிட்டுப் பொருத்திவிட்டார். இரண்டு வருடம் கிடந்தது எப்படி ஒரு மதியத்தில் முடிந்தது என்பதை நான் நிறைய யோசித்தேன். முன்பு பழுதைப் பார்த்தவருக்கும் அதைச் சரிசெய்ய வேண்டியவருக்கும் நடுவே ஐந்து மேஜை இருந்தது. இப்போது இருவரும் ஒருவரே. அதோடு, தாழ்ப்பாள் போடாமல் விட்டால் மறுநாள் தண்ணீர் லாரி வரிசையில் எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் இருப்பவருக்கு அந்த வரிசை கிடையாது.

சேவைகளைக் கீழே கொடுத்தால் தரம் கெடும், இவர்களுக்கு என்ன தெரியும் என்று சொல்கிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். வால்வு எந்தப் பக்கம் திரும்பும் என்று வேண்டுமானால் எங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், அதை ஒரு நாளில் கற்றுக்கொண்டோம். யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்பதை எந்தப் பொறியாளரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ள முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் முதல் நாளே கோடு போட்டோம். அடைப்பு ஏற்பட்டால் குச்சியோ கையோ விடுவதில்லை, யாரையும் குழிக்குள் இறங்கச் சொல்வதில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. அடைத்தால் வண்டி வர வேண்டும். வண்டி வரும்வரை அந்த அறையைப் பூட்டி வைப்போம். தெருவில் சிலர், “இருநூறு ரூபா குடுத்தா ஆள் வருவான்” என்றார்கள். அந்த ஆள் எந்தச் சாதியில் பிறந்தவராக இருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளாகவே இருப்பார்கள். மாட்டோம் என்றோம்.

மோட்டார்

2024 கோடையில் மோட்டார் எரிந்தது. காயில் கட்ட 2,800 ரூபாய் என்றார் மெக்கானிக்.

இங்கேதான் எங்கள் ஏற்பாட்டின் ஓட்டை தெரிந்தது. எங்களிடம் சாவி இருந்தது, பணம் இல்லை. பிரிவு அலுவலகத்தில் இருந்த பொறியாளர் தம்பி அன்றே வந்து பார்த்தார். அவரிடமும் பணம் இல்லை. எஸ்டிமேட் எழுத வேண்டும், மேலே அனுமதி வாங்க வேண்டும், அனுமதிக்கப்பட்ட ஒப்பந்ததாரர் வந்து செய்ய வேண்டும். “என் கையில ஆயிரம் ரூபாய் செலவு பண்ற அதிகாரம் இருந்தா இன்னிக்கே முடிச்சிருப்பேன்கா” என்றார். பொய் சொல்லவில்லை. தெருவுக்கு மட்டும் அதிகாரம் வரவில்லை என்று நினைத்திருந்தோம், தெருவுக்குப் பக்கத்து மேஜைக்கே வரவில்லை.

இருபத்தாறு நாள். நோட்டில் ஒவ்வொரு நாளும் ‘தண்ணீர் – குடம்’ என்று எழுதியிருக்கிறேன். கைப்பம்பிலிருந்து குடத்தில் தூக்கி வந்து தொட்டியில் ஊற்றினோம். இருபத்தேழாம் நாள் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் என்று வசூலித்து நாங்களே காயில் கட்டினோம். பணத்தைத் திரும்பக் கேட்டபோது வேலை உத்தரவு எங்கே, ஜிஎஸ்டி பில் எங்கே என்றார்கள். விதி அப்படி. மெக்கானிக் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த கணக்குதான் எங்களிடம் இருந்தது.

2,800 ரூபாய் பெரிதல்ல. அதற்குப் பிறகு நடந்ததுதான் வலித்தது. வசூல் 3,100 வந்திருந்தது. மீதி 300இல் பல்பும் பினாயிலும் வாங்கினோம். “அந்த முன்னூறு எங்க போச்சு?” என்று தெருவில் கேட்டார்கள். கொடுக்காதவர்களும் கேட்டார்கள். முறை பார்த்த ஏழு பேரில் இருவர், காசும் இல்லாமல் பேச்சும் வாங்கிக்கொண்டு எதற்கு என்று விலகினார்கள். அதுவரை எல்லோரும் சேர்ந்து அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வேலை மட்டும் கீழே வந்து பணம் மேலேயே நின்றுவிட்டதும் ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்துவிட்டோம். பொறுப்பைக் கொடுக்கிறோம் என்று யார் சொன்னாலும் இப்போது நான் முதலில் கேட்பது, அதோடு எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு வருகிறது என்பதைத்தான்.

பிற இடங்கள், பிற காலங்கள்

திருச்சியில் குடிசைப் பகுதிக் கழிப்பிடங்களைப் பெண்கள் குழுக்கள் நடத்தத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பயன்படுத்துகிறவர்கள் சிறு கட்டணம் கொடுக்கிறார்கள். அதிலிருந்து கரண்டு, பராமரிப்பு, சுத்தம் செய்கிறவருக்குக் கூலி எல்லாம் போய், மிஞ்சுவது பகுதிக்கே செலவாகிறது. அந்தக் குழுக்கள் நின்று நிலைத்ததற்குக் காரணம் கணக்கு அவர்கள் கையில் இருந்ததே. எங்களை அப்படிச் செய்யச் சொன்னவர்கள் உண்டு. சென்னையில் மாநகராட்சிக் கழிப்பிடங்கள் இலவசம், அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் நாளைக்கு இரண்டு முறை என்றால் சில்லறையே மாதக் கடைசியில் ஒரு சிலிண்டர் விலையைத் தொடும். இலவசமாக இருக்கட்டும், அதற்கான பணம் வரியிலிருந்து, பகுதியின் பெயரில், பகுதியின் கணக்குக்கு வரட்டும்.

கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்டச் செலவில் 35 முதல் 40 சதவீதம்வரை உள்ளாட்சிகள் தீர்மானிக்கட்டும் என்று பணத்தை முதலில் கொடுத்தார்கள். திறமை வளர்ந்த பிறகு தருகிறோம் என்று காத்திருக்கவில்லை, கையில் பணம் வந்த பிறகு ஊர் கற்றுக்கொண்டது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வண்ணாரப்பேட்டையில் கல்லூரியின் பெயராக நிற்கிற தியாகராயர், சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த 1920இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க மன்றம் தீர்மானித்தது. தலைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல். யாரும் மேலிருந்து சொல்லவில்லை, பசியோடு வருகிற பிள்ளைகளைக் கண்ணால் பார்த்த மன்றம் முடிவெடுத்தது. வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. 1925இல் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிடக்கூடாது என்று அரசு மறுத்தது, சோறு நின்றது. பிறகு மீண்டும் வந்தது, அது வேறு கதை. எங்கள் மோட்டார் இருபத்தாறு நாள் நின்றபோது எனக்கு அந்த 1925தான் நினைவுக்கு வந்தது. பார்க்கிற கண் ஒரு இடத்திலும் செலவழிக்கிற கை வேறு இடத்திலும் இருந்தால் நூறு வருடம் ஆனாலும் இதுதான் நடக்கும்.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். வேலையைத் தனியாரிடம் ஒப்படைப்பதையும் சிலர் அதிகாரப் பரவல் என்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. எங்கள் தெருவிலிருந்தும் சிலர் அங்கே இருந்தார்கள். குப்பையை யார் எடுக்க வேண்டும், என்ன சம்பளத்துக்கு என்பதை அந்த மண்டலங்களின் பகுதி சபைகளில் வைத்துக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? அந்த வேலையைச் செய்கிறவர்களும் அந்தப் பகுதிகளில்தானே குடியிருக்கிறார்கள். ஒப்பந்தம் போகிற திசை வேறு, அதிகாரம் மக்களிடம் வருகிற திசை வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கக் கூடாது.

எங்கள் பக்கத்துக் குறைகள்

அதிகாரம் தெருவுக்கு வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று நான் நம்பவில்லை. தெருவுக்குள்ளும் மேடு பள்ளம் இருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. எந்த அரசும் கொடுக்காமல் தானாக நிற்கிற உள்ளாட்சி அது. படகுத் தகராறிலிருந்து புயல் நிவாரணம்வரை ஒரே இரவில் தீர்த்துவிடும் வல்லமை அதற்கு உண்டு. பெரும்பாலும் ஆண்கள் மட்டுமே உட்காருகிற இடமும் அதுதான். மூன்றரை மணிப் பிரச்சினை அங்கே எழுந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சபையில் உட்கார வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கிற குடும்பங்கள் வருடம் ஒரு வீடு மாறுகின்றன, பெயர் பழைய வட்டத்திலேயே கிடக்கும். குடோன்களில் தங்கி வேலை பார்க்கிற வடமாநிலப் பையன்களுக்குப் பெயரே இருக்காது. கழிப்பிடத்தை அதிகம் நம்பியிருப்பவர்கள் இவர்கள்தான். நாங்கள் முறை வைத்து நடத்திய நாட்களில்கூட அந்தப் பையன்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது எங்கள் தவறு.

‘நமக்கு நாமே’ போன்ற திட்டங்களில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். நல்ல எண்ணம்தான். ஆனால் அடையாறில் ஒரு அபார்ட்மென்ட் சங்கம் ஒரே மாலையில் சேர்க்கிற தொகையைக் கொருக்குப்பேட்டையில் ஒரு தெரு ஒரு வருடத்திலும் சேர்க்காது. பங்கு போட முடிந்தவருக்கே சேவை என்று ஆனால், இருக்கிற வித்தியாசம் இன்னும் கூடும். வடசென்னைக்கு முதலில் பங்கு போட்டுவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்ற நிலை வரக் கூடாது. அனல்மின் நிலையச் சாம்பலையும், மணலி ஆலைகளின் புகையையும், பாதி ஊரின் குப்பையைக் கொடுங்கையூரிலும் வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் எத்தனையோ வருடமாகத் தன் பங்கைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கேட்பது என்ன என்பதையும் கணக்காகவே சொல்கிறேன். 2025-26 மாநகராட்சி பட்ஜெட்டில் கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி 60 லட்சம் ஆனது. பத்துப் பகுதிக்குப் பிரித்தால் பகுதிக்கு ஆறு லட்சம். அதில் ஒரே ஒரு லட்சத்தைச் சிறு பழுதுக்கென்று பகுதி சபைத் தீர்மானத்தின் பேரில், பிரிவுப் பொறியாளரும் சபைப் பிரதிநிதியும் சேர்ந்து கையெழுத்திட்டு எடுக்க விட்டால், எங்கள் மோட்டார் இருபத்தாறு நாள் நின்றிருக்காது. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2023இல் ஆயிரம் கோடியாக அறிவிக்கப்பட்டு இப்போது ஆறாயிரம் கோடிக்கு மேல் வளர்ந்திருக்கிறது. வரட்டும், எங்களுக்கு வேண்டியதுதான். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு இந்தப் பக்கத்துச் சபைகள் கையால் செலவாகட்டும். கணக்கை நாங்கள் சுவரில் எழுதி வைக்கிறோம். ஒப்பந்ததாரரின் மாத பில்லில் பகுதிப் பெண்கள் இருவர் கையெழுத்து இருந்தால்தான் பணம் என்று ஒரு வரி சேர்த்தால் தாழ்ப்பாள்கள் தாமாக முளைக்கும்.

இப்போது

2025இல் ஒப்பந்தம் மாறியது. புதியவர்கள் வந்த அன்றே புதுப் பூட்டு. எங்களிடம் இருந்த ஏற்பாடு வாய்மொழிதானே, அவர்களுக்கு அதைப் பற்றி ஒரு காகிதமும் இல்லை. மாற்றுச் சாவி கேட்டோம், மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பதினோரு நாள் மீண்டும் ரயில் பாதை.

பன்னிரண்டாம் நாள் நடந்தது எங்கள் குழு தீர்மானித்ததல்ல. மீன்காரக்காக்கள் தாங்களாகவே பேசிக்கொண்டார்கள். காலை மூன்றரைக்குக் கூடையும் கையுமாக, பதினான்கு பேர், கவுன்சிலரம்மா வீட்டு வாசலில் போய் நின்றார்கள். கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. கதவைத் தட்டினார்கள். அவர் தூக்கம் கலையாமல் வெளியே வந்தபோது, பர்சில் மடித்த தாளை வைத்திருந்த அக்கா சொன்னாராம், “எங்களுக்கு இதுதாம்மா நேரம்.” அவ்வளவுதான். அப்படியே ஏலத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த வாரமே சாவி வந்தது, இந்த முறை கடிதத்தோடு. குழுவின் பெயர், நேரம், மோட்டாரைக் கையாளும் அனுமதி எல்லாம் எழுத்தில் இருக்கிறது. பழுதுச் செலவு பற்றிய பத்தி இல்லை. கேட்டதற்கு, அது கொள்கை முடிவு என்றார்கள்.

கடிதத்தை லேமினேட் செய்து உள்ளறையில் மாட்டியிருக்கிறோம். முறை பார்க்க இப்போது ஒன்பது பேர். விலகிய இருவரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். குடோன் பையன்களில் ஒருவன் ஆண்கள் பக்கம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தமிழில் எண்ணிக்கை தெரியும், எழுதத் தெரியாது. அவன் கணக்கையும் நானே எழுதுகிறேன். அடுத்த பகுதி சபைக்கு ஒரே தீர்மானம் எழுதி வைத்தாயிற்று: ‘சிறு பழுதுக்கு ஒரு லட்சம்’. மோட்டாருக்கு நாங்கள் கொடுத்த 2,800 நோட்டில் ‘வரவேண்டியது’ பக்கத்தில் இன்னும் இருக்கிறது. மாதா மாதம் பக்கம் திருப்பும்போது அதை அடுத்த பக்கத்துக்கு எடுத்து எழுதுகிறேன்.